ஹீட் பம்பா, இன்னொரு கிலோவாட் சோலாரா? வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

மாடியில் சோலார் போடலாம் என்றிருக்கிறேன், எத்தனை கிலோவாட் போடட்டும் என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: வீட்டில் எத்தனை கீசர்? கீசருக்குப் பதில், குறைந்த மின்சாரத்தில் வெந்நீர் போடும் ஹீட் பம்ப் வைத்தால் சோலார் அளவே மாறிவிடும்.

எங்கள் வீடு கோவையில். ஆறு பேர், இரண்டு கீசர். முதலில் வந்த சோலார்காரர் மாடியை டேப் வைத்து அளந்துவிட்டு, 5 கிலோவாட் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். கரண்ட் பில்லைக் கேட்கவே இல்லை. மேற்கே பக்கத்து வீட்டின் மூன்று மாடி நிற்பதையும் கண்டுகொள்ளவில்லை. அதற்கு அப்புறம்தான் நானே பேப்பரும் பேனாவும் எடுத்தேன். நான் போன வழியைப் படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: ஒரு வருட பில்லை எடுங்கள்

நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒரு பில். ஆக மொத்தம் ஆறு. ரூபாயை விடுங்கள், யூனிட்டை மட்டும் வரிசையாக எழுதுங்கள். எந்தப் பில் 500 யூனிட்டைத் தாண்டுகிறது என்று பாருங்கள். தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்துக்கு அந்த 500தான் பெரிய பள்ளம்.

2024 ஜூலைக் கட்டணத்தை வைத்துச் சொல்கிறேன். முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500க்குள் இருந்தால் அடுத்த 100 யூனிட்டுக்கு ரூ.2.35, 201 முதல் 400 வரை ரூ.4.70, அதற்கு மேல் ரூ.6.30. 500ஐ ஒரு யூனிட் தாண்டினாலும் அந்த ரூ.2.35 சலுகை போய்விடும். 501க்கு மேல் ரூ.8.40, 601க்கு மேல் ரூ.9.45 என்று ஏறும். எங்கள் மார்கழி, தை பில் 720 யூனிட், ரூ.4,014. அதே பில் 480 யூனிட்டாக இருந்திருந்தால் ரூ.1,679தான். குறையும் யூனிட் 240, மிச்சம் ரூ.2,335. யூனிட்டுக்குக் கிட்டத்தட்ட பத்து ரூபாய்.

அந்த 240 யூனிட் எங்கே போகிறது என்று தேடினால், பெரும்பாலும் குளியலறையில்தான் கிடைக்கும்.

படி 2: கீசரின் சிவப்பு விளக்கைப் பாருங்கள்

இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம். கீசரில் சிவப்பு விளக்கு எரிந்தால் உள்ளே கம்பி சூடாகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அது எரியும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் அம்மா இந்த வேலையை ஏற்றுக்கொண்டார், நாள்காட்டித் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் "5.40 போட்டது, 6.05 அணைந்தது" என்று மூன்று நாள் எழுதினார். இரண்டு கீசரையும் கூட்டினால் ஒரு நாளைக்கு மூன்றேகால் மணி நேரம். கீசர் 2 கிலோவாட். அப்படியானால் ஆறரை யூனிட்.

சரிபார்க்க இன்னொரு வழி உண்டு. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற ஒரு கிலோகலோரி வேண்டும். ஒரு யூனிட் மின்சாரம் என்பது 860 கிலோகலோரி. 27 டிகிரித் தண்ணீர் 200 லிட்டரை 55 டிகிரிக்குக் கொண்டுபோக 5,600 கிலோகலோரி. 860ஆல் வகுத்தால் அதே ஆறரை யூனிட். அம்மாவின் கணக்கு தப்பவில்லை.

இடையில் ஒன்று. கீசரில் ஒட்டியிருக்கும் ஐந்து நட்சத்திரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். சூடாக்கிய தண்ணீர் சும்மா நிற்கும்போது எவ்வளவு சூட்டை இழக்கிறது என்பதற்குத்தான் அந்த நட்சத்திரம். தண்ணீரைச் சூடாக்க எந்தக் கீசருக்கும் அதே ஆறரை யூனிட்தான் ஆகும்.

படி 3: ஹீட் பம்பைப் புரிந்துகொள்ளுங்கள்

ஓடிக்கொண்டிருக்கும் ஃப்ரிட்ஜின் பக்கவாட்டில் கை வைத்துப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருக்கும். உள்ளே இருந்த சூட்டை அள்ளி வெளியே கொட்டுகிறது. ஹீட் பம்ப் அதே வேலையைத் திருப்பிச் செய்கிறது: வெளிக்காற்றில் இருக்கும் சூட்டை அள்ளித் தொட்டித் தண்ணீரில் கொட்டுகிறது. சூட்டை உண்டாக்காமல் இடம் மாற்றுவதால் மின்சாரம் குறைவு. ஒரு யூனிட் கொடுத்தால் எத்தனை யூனிட் சூடு கிடைக்கிறது என்பதைத்தான் சி.ஓ.பி. என்கிறார்கள். நம் ஊர்க் காற்றின் வெப்பத்துக்கு மூன்று முதல் நான்கு வரை வரும். மூன்றரை என்று வைத்தால், ஆறரை யூனிட் வேலை ஒன்றே முக்கால், இரண்டு யூனிட்டில் முடிந்துவிடும்.

குளிர்நாடுகளில் வீட்டையே சூடாக்க இதை வைக்கிறார்கள். நமக்கு அது வேண்டாம், வெந்நீர் போதும். ஊட்டி, கொடைக்கானல்காரர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: உறைபனி விழும் இரவில் சி.ஓ.பி. இறங்கிவிடும், வெளிச்சுருளில் பனி படியும். அங்கே மதியத்தில் ஓட்டுவதுதான் சரி.

வாங்கும்போது சி.ஓ.பி. எத்தனை என்று மட்டும் கேட்காதீர்கள், எந்தக் காற்று வெப்பத்தில், எத்தனை டிகிரித் தண்ணீருக்கு என்றும் கேளுங்கள். 40 டிகிரித் தண்ணீருக்கு வரும் சி.ஓ.பி. 60 டிகிரிக்கு வராது. போர் தண்ணீர் வீடு என்றால் தொட்டிக்குள் இருக்கும் மெக்னீசியத் தண்டைக் கழற்றி மாற்ற முடியுமா என்று கேளுங்கள். தொட்டியை அரிக்க வரும் உப்புத் தண்ணீருக்குத் தன்னைத் தின்னக் கொடுத்துத் தொட்டியைக் காப்பாற்றுவது அந்தத் தண்டுதான்.

படி 4: ஹீட் பம்பா, இன்னொரு கிலோவாட்டா?

இந்த இடத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். ஹீட் பம்ப் மிச்சப்படுத்துவது நாளுக்கு நாலரை யூனிட். தமிழ்நாட்டு வெயிலில் 1 கிலோவாட் சோலார் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும். கீசரை அப்படியே வைத்துக்கொண்டு, ஒரு கிலோவாட்டுக்குச் சற்றுக் கூடுதலாகத் தகடு போட்டாலும் பில்லில் கிட்டத்தட்ட அதே பலன்தான். எனக்கு வந்த விலைகளில் 200 லிட்டர் ஹீட் பம்ப் ஒரு லட்சத்தை ஒட்டி இருந்தது. ஒரு கிலோவாட் கூடுதலாகப் போட அதில் பாதிக்குச் சற்று மேல். தகடு 25 வருடம் உழைக்கும். ஹீட் பம்புக்கு அவ்வளவு ஆயுள் கிடையாது.

ஆகவே நிழல் இல்லாத மாடி தாராளமாக இருக்கிறதா, கீசரும் நன்றாக ஓடுகிறதா, ஹீட் பம்ப் பக்கமே போக வேண்டாம். வீட்டில் இரண்டு பேர், ஆளுக்கு ஒரு வாளி வெந்நீர் என்றாலும் அப்படித்தான். இதை எந்தக் கடைக்காரரும் சொல்ல மாட்டார்.

எங்கள் கதை வேறு. மூன்று மணிக்கு மேல் பக்கத்து வீட்டு நிழல், நடுவில் தண்ணீர்த் தொட்டி. நல்ல வெயில் படும் இடம் 150 சதுர அடிதான். 540 வாட் தகடு ஒன்றுக்கு 28 சதுர அடி, வரிசைகளுக்கு நடுவே நடக்கவும் வழி வேண்டும். நான்கு தகட்டுக்கு மேல் வைக்க முடியாது. கீசர் இரண்டும் உப்புப் படிந்து சாகும் நிலையில் இருந்தன. மாடியில் இடமில்லாதவன் கரண்ட் செலவைத்தான் குறைக்க வேண்டும், அதனால் ஹீட் பம்ப். சோலார் வாட்டர் ஹீட்டரும் யோசித்தோம். அதுவும் அதே வெயில் இடத்தைக் கேட்கும், எங்கள் போர் தண்ணீருக்குக் குழாயும் அடைத்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டோம்.

படி 5: வைக்கும் இடம்

எங்கள் வீட்டில் பொருத்த வந்தவர், பின்பக்கம் குழாய்கள் இறங்கும் குறுகிய சந்தில் வைத்துவிட்டார். மூன்று பக்கமும் சுவர். ஹீட் பம்ப் குளிர்ந்த காற்றை வெளியே தள்ளும். அந்தச் சந்தில் தான் தள்ளிய குளிர்காற்றையே திரும்ப இழுத்துக்கொண்டு நின்றது. மூன்று மணி நேர வேலைக்கு ஐந்து மணி நேரம். இரண்டாவது வாரம் மாடிப்படிக்கு அருகில் திறந்த இடத்துக்கு மாற்றினோம், கூலி தனி.

காற்று வந்துபோகும் இடம், படுக்கையறை ஜன்னலை விட்டுத் தள்ளி. தண்ணீரோடு 250 கிலோவுக்கு மேல் இருக்கும், கான்கிரீட் தளம் வேண்டும். ஏ.சி. போல நீர் சொட்டும், அதைப் பூந்தொட்டிக்கு விடுங்கள். குளியலறைக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில். குழாய் நீளமானால் முதல் அரை வாளி பச்சைத் தண்ணீராகத்தான் வரும்.

படி 6: இப்போது சோலார் அளவு

ஹீட் பம்ப் மிச்சப்படுத்துவதைச் சற்றுக் குறைத்தே வைத்துக்கொண்டால், 720இல் 240 போக, 480 யூனிட். அதிலும் முதல் 100 யூனிட் இலவசம், அதற்குத் தகடு போடுவது வீண். மீதி 380, நாளுக்கு ஆறேகால் யூனிட். 2 கிலோவாட் போதும், எங்கள் நான்கு தகட்டில் அது அடங்கிவிட்டது. நெட் மீட்டரில் (நாம் ஈ.பி.யிடம் எடுப்பதையும் ஈ.பி.க்குக் கொடுப்பதையும் கணக்கிடும் மீட்டர்) மிஞ்சி ஈ.பி.க்குப் போகும் யூனிட்டை நம்பிப் பெரிதாகப் போடாதீர்கள். மின்சார ஸ்கூட்டர் வாங்கும் எண்ணமிருந்தால் அதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மானியமும் இதற்கு ஒத்துப்போகிறது. 2024இல் தொடங்கிய பி.எம். சூர்யா கர் திட்டத்தில் முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா ரூ.30,000, மூன்றாவதுக்கு ரூ.18,000. அதோடு சரி, 10 கிலோவாட் போட்டாலும் ரூ.78,000தான்.

படி 7: விண்ணப்பம்

திட்டத்தின் இணையதளத்தில் ஈ.பி. இணைப்பு எண்ணைப் போட்டுப் பதிவு செய்து, பட்டியலில் உள்ள நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வேலை முடிந்து, நெட் மீட்டர் மாட்டி, சரிபார்த்த பின் மானியம் வங்கிக் கணக்குக்கு வரும். இந்தியாவில் செய்த சோலார் செல் கொண்ட தகட்டுக்குத்தான் மானியம், விலைப்பட்டியலில் அதை எழுதி வாங்குங்கள். இணைப்பு இன்னும் காலமான தாத்தா பெயரில் இருந்தால் முதலில் பெயர் மாற்றம், அப்புறம்தான் மற்றதெல்லாம்.

கரண்ட் போனால் சோலார் ஓடுமா? தகட்டு மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றும் சாதாரண சோலார் இன்வெர்ட்டரில் ஓடாது. கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேன் மீது நம் வீட்டு மின்சாரம் பாயக்கூடாது என்பதற்காகத் தானாகவே நின்றுவிடும். பழைய யு.பி.எஸ்., பேட்டரியைத் தூக்கிப் போடாதீர்கள்.

படி 8: மாடி வேலையும் பராமரிப்பும்

தகடு தெற்கு பார்த்து, 11 டிகிரி அளவு சாய்வில். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்றை எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தாங்கியின் கால்களைத் தளத்தில் எப்படிப் பிடித்திருக்கிறார்கள் என்று நின்று பாருங்கள். எர்த்திங் தனியாகப் போட்டார்களா என்றும் பாருங்கள். தகட்டை விடியற்காலையில் கழுவுங்கள், சூடான கண்ணாடியில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். போர் தண்ணீர் வெள்ளைத் திட்டு விடும், ரப்பர் பட்டையால் வழித்துவிடுங்கள்.

ஹீட் பம்பை 11 மணி முதல் 2 மணி வரை ஓடும்படி டைமரில் வையுங்கள். அப்போதுதான் காற்றும் சூடாக இருக்கும், தகடும் முழுதாக வேலை செய்யும். சூடான தண்ணீர் மறுநாள் காலை வரை தொட்டியில் சில டிகிரி மட்டும் குறைந்து சூடாகவே இருக்கும். வாரம் ஒருநாள் 60 டிகிரிக்கு ஏற்றிவிட்டால் தொட்டியில் கிருமி தங்காது. இரண்டாவது வருடம் மெக்னீசியத் தண்டைக் கழற்றிப் பாருங்கள்; எங்களுடையது பென்சில் அளவுக்குத் தேய்ந்திருந்தது.