முதல் வருஷத்து நர்ஸ் தன் உடம்புக்குச் செய்யும் தவறுகள்

விடியற்காலை 4 மணி. கதீட்டர் போட்ட நோயாளியின் யூரின் பேக்கைத் திறந்து, அளவு ஜாரில் பிடித்து, 350 மி.லி. என்று சார்ட்டில் எழுதுகிறீர்கள். அளவு குறைந்திருந்தால் டியூட்டி டாக்டரை எழுப்பியிருப்பீர்கள். சரி, நீங்கள் கடைசியாக பாத்ரூம் போனது எப்போது? இரவு 8 மணிக்கு முந்தின ஷிஃப்டிடம் ஓவர் எடுப்பதற்கு (பொறுப்பை வாங்கிக்கொள்வதற்கு) முன்னால். தண்ணீர் குடித்தது? பாட்டில் பையில் இருக்கிறது, பை லாக்கரில் இருக்கிறது, லாக்கர் கீழ்த்தளத்தில் இருக்கிறது.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது மாதம் நான் நீர்க்கடுப்பும் குளிர்காய்ச்சலுமாக, வேலை பார்த்த இடத்திலேயே பெட்டில் படுத்தேன். அடுத்த பெட்டில் இருந்த பாட்டிக்கு முந்தின நாள் நான்தான் டிரிப் போட்டிருந்தேன். "ஒனக்குமா கண்ணு?" என்று அவர் கேட்டபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சிறுநீரை மணிக்கணக்கில் அடக்கினால் கிருமி பெருகும், தண்ணீர் குறைந்தால் அது வெளியே போகாது, பெண்களுக்குச் சிறுநீர் வெளியேறும் குழாய் குட்டை என்பதால் தொற்று சீக்கிரம் ஏறும். இதெல்லாம் பரீட்சையில் எழுதிப் பாஸ் ஆனவள்தான் நான்.

முதல் தவறு இதுதான். நேரம் கிடைத்தால் போகலாம் என்று நினைப்பது. வார்டில் நேரம் கிடைக்காது. அதனால் எப்படியும் செய்யப்போகிற வேலைகளோடு இதை முடிச்சுப் போடுங்கள். 10 மணி வைட்டல்ஸ் (நாடி, பி.பி., காய்ச்சல் பார்ப்பது) முடிந்ததும் ஒரு முறை, 2 மணி மருந்து முடிந்ததும் ஒரு முறை, காலை 6 மணி ஊசி வேலையை ஆரம்பிக்கும் முன் ஒரு முறை. போகும்போது அரை பாட்டில் தண்ணீர். மாதவிடாய் நாட்களில் பேட் மாற்றுவதும் இந்தக் கணக்கிலேயே வந்துவிடும். 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டியதை 12 மணி நேரம் ஓட்டிவிட்டு, தொடை இடுக்கில் புண்ணோடு நடக்கும் பிள்ளைகளை வருஷா வருஷம் பார்க்கிறேன். பக்கத்து ஸ்டாஃபிடம் "அஞ்சு நிமிஷம் பார்த்துக்கங்க அக்கா" என்று சொல்ல ஏன் இவ்வளவு கூச்சம் என்று எனக்கு இன்னமும் விளங்கவில்லை.

ஊசி குத்தினால் மறைப்பது

இதை நான் செய்திருக்கிறேன், ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அதுவும் ஒரு நைட்தான். ஐந்து மணி இருக்கும். இரத்தம் எடுத்த ஊசிக்கு மூடி போடப் போனேன், மூடி நழுவி ஊசி இடது ஆள்காட்டி விரலில் ஏறியது. கிளவுஸுக்குள் ஒரு சொட்டு சிவப்பு. முதலில் வந்த எண்ணம் நோயைப் பற்றியது இல்லை, "இன்சார்ஜ் சிஸ்டர் திட்டுவாங்களே" என்பதுதான். இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் சாப்பிட முடியாமல் அறைத்தோழியிடம் அழுதேன். அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ச் சொல்ல வைத்தாள். அந்த நோயாளிக்கு எல்லாப் பரிசோதனையும் நெகட்டிவ். அது அதிர்ஷ்டம், வேறொன்றும் இல்லை.

குத்தியதும் செய்யக்கூடாதவை: விரலை அழுத்திப் பிழிவது, வாயில் வைப்பது, ஸ்பிரிட்டையோ பிளீச்சையோ ஊற்றித் தேய்ப்பது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். கண்ணில் தெறித்தால் வெறும் தண்ணீர். பிறகு நேராகப் போய்ச் சொல்லுங்கள், எழுத்தில் பதியச் சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை, தொடங்கினால் 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். நான் மறைத்து வைத்திருந்த அந்த இரண்டு நாள், இந்த 72 மணி நேரத்தில்தான் கழிந்தது. மருந்து உங்கள் மருத்துவமனையில் இல்லாவிட்டால் அரசின் எச்.ஐ.வி. சிகிச்சை மையத்தை (ஏ.ஆர்.டி. மையம்) கேளுங்கள். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இருக்கும்.

எல்லோரும் எச்.ஐ.வி.க்குத்தான் பயப்படுகிறோம். ஆனால் எச்.ஐ.வி. உள்ளவரின் இரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்று வரும் வாய்ப்பு சுமார் 1000க்கு 3. ஹெபடைடிஸ் பி உள்ளவரின் ஊசி, தடுப்பூசி போடாதவரைக் குத்தினால் 100க்கு 30 வரை போகலாம். இங்கேதான் அடுத்த தவறு ஒளிந்திருக்கிறது. "சின்ன வயசுலயே எல்லா ஊசியும் போட்டாச்சு" என்று நம்புவது. குழந்தைகளுக்கான இலவசத் தடுப்பூசித் திட்டத்தில் ஹெபடைடிஸ் பி நாடு முழுக்க வந்தது 2011இல்தான். இப்போது வேலைக்குச் சேர்கிற 22, 23 வயதுக்காரர்கள் பிறந்தபோது அது பல ஊர்களில் கிடையாது. கல்லூரியில் முதல் இரண்டு டோஸ் போட்டிருப்பீர்கள், ஆறாம் மாதம் போட வேண்டிய மூன்றாவது டோஸ் லீவில் போயிருக்கும். எனக்கு அப்படித்தான் போயிருந்தது. 0, 1, 6 மாதம் என்று மூன்றும் முடித்து, ஒன்றிரண்டு மாதம் கழித்து ஆன்டிபாடி அளவு பாருங்கள். ரிப்போர்ட்டில் 10 mIU/mL-க்கு மேல் இருந்தால் நிம்மதி. சிலருக்கு மூன்று டோஸ் போட்டும் ஏறாது, அதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

அப்புறம், ஊசிக்கு மூடி போடாதீர்கள். வெள்ளை நிற ஷார்ப்ஸ் டப்பாவை நீங்கள் நிற்கும் இடத்துக்குக் கொண்டு வந்து வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். டப்பா வார்டின் அந்தக் கோடியில் இருப்பதால்தான் முக்கால்வாசிப் பேர் மூடி போடுகிறோம்.

பகல் தூக்கத்தைத் தூக்கமாக மதிக்காதது

நைட் முடித்து வீட்டுக்கு வந்ததும் துணி துவைப்பது, போன் பார்ப்பது, 10 மணிக்குப் படுப்பது. 11 மணிக்கு அம்மா எழுப்புவார், "சாப்பிட்டுட்டுத் தூங்கு." அன்பில் செய்வதுதான், கோபித்துக்கொள்ள முடியாது. ஆனால் ஒரு நாள் உட்கார்த்தி வைத்துச் சொல்லிவிடுங்கள்: "என்னோட பகல் 11 மணி உனக்கு ராத்திரி 2 மணிம்மா. ராத்திரி 2 மணிக்கு உன்னை எழுப்பி நான் தோசை தரட்டுமா?" என் அம்மாவிடம் இது எடுபட்டது.

ஜன்னலுக்குக் கெட்டியான கறுப்புத் துணி போடுங்கள். வெளிச்சம் பட்டால் மூளை விடிந்துவிட்டது என்று முடிவு செய்துவிடும், மெலடோனின் சுரப்பு அடங்கிவிடும். ஹாஸ்டலில் இருந்தால் ஒரே ரோஸ்டரில் நைட் பார்ப்பவர்கள் ஒரே அறையில் இருக்க ஏற்பாடு செய்யலாமா என்று வார்டனிடம் கேட்டுப் பாருங்கள். மார்னிங் டியூட்டிக்காரி 5 மணிக்கு அலாரம் வைப்பாள், நைட் டியூட்டிக்காரி 9 மணிக்கு வந்து படுப்பாள், இருவருக்கும் சண்டை வரும். முதல் நைட்டுக்குப் போகும் அன்று மதியம் ஒன்றரை மணி நேரமாவது தூங்கிவிட்டுப் போங்கள். காலையில் எழுந்தவள் அப்படியே போய் நின்றால், மறுநாள் வீடு திரும்பும்போது 26 மணி நேரம் விழித்திருப்பீர்கள்.

அந்த நிலையில் ஸ்கூட்டி ஓட்டக்கூடாது. கண் திறந்திருக்கும்போதே மூளை சில நொடி அணைந்துபோகும், நமக்கே தெரியாது. நைட் முடிந்த காலைகளில் பஸ், ஷேர் ஆட்டோ, இல்லாவிட்டால் அண்ணனோ அப்பாவோ வந்து கூட்டிப் போகட்டும். அதே மாதிரி விடியற்காலை 3 மணியிலிருந்து 5 மணி வரை உடம்பு மிகவும் மந்தமாக இருக்கும் நேரம். அப்போது இன்சுலின், ஹெபாரின், பொட்டாசியம் குளோரைடு போன்ற, அளவு பிசகினால் ஆபத்தான மருந்துகளை ஏற்றும் முன் இன்னொருவரை அழைத்து அளவைக் காட்டுங்கள். இதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

வெளியூர்ப் பிள்ளைகள் செய்யும் ஒரு தவறு தனி ரகம். ஊருக்குப் போக மூன்று நாள் சேர்த்து லீவு வேண்டும் என்று டியூட்டிகளை மாற்றி மாற்றி நெருக்குவார்கள். இன்று ஈவினிங், நாளை மார்னிங், நாளைக்கே நைட். ஈவினிங் முடித்து அறைக்கு வர 10 மணி, தூங்க 12, மறுபடி எழ 5. இப்படிச் சேர்த்த லீவில் ஊருக்குப் போய் முதல் நாள் முழுக்கத் தூங்குவார்கள், இரண்டாம் நாள் காய்ச்சல். பெற்ற தாய் பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரில என்னடி பண்றாங்க உன்னை?" என்பார்.

டீ, பிரியாணி, வார்டு மருந்து

நைட்டில் நள்ளிரவுக்கு ஆர்டர் செய்யும் பிரியாணி ருசிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த நேரத்தில் குடல் பாதித் தூக்கத்தில் இருக்கும். 2 மணிக்கு நெஞ்செரிச்சல், 3 மணிக்குத் தூக்கம். வீட்டில் 7 மணிக்கே நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, இடையில் தயிர்சாதமோ இரண்டு இட்லியோ சுண்டலோ வைத்துக்கொண்டால் போதும். டீயில் உள்ள கஃபீன் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். 4 மணிக்கு ஸ்ட்ராங்காக ஒரு டீ குடித்தால், 9 மணிக்குப் படுக்கும்போது அதில் பாதி உடம்பில்தான் இருக்கும். டீயை 1 மணிக்கு முன்னால் முடித்துக்கொள்ளுங்கள். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்தும் சரியாகச் சேராது. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை. வெள்ளை யூனிபார்ம் போட்டால் அந்தக் கணக்கில் நாம் சேரமாட்டோம் என்று இல்லை. வருஷத்துக்கு ஒரு முறையாவது ஹீமோகுளோபின் பாருங்கள், 12க்குக் கீழே இருந்தால் டாக்டரைப் பாருங்கள்.

டாக்டரைப் பாருங்கள் என்பதை அழுத்திச் சொல்கிறேன். நம் தொழிலின் பெரிய வியாதி நமக்கு நாமே வைத்தியம். இடுப்பு வலியா, "அக்கா ஒரு டைக்ளோ போட்டு விடுங்க." வெறும் வயிற்றில், தண்ணீர் குடிக்காத உடம்பில், மாதத்துக்கு நாலு தடவை. வயிற்றையும் சிறுநீரகத்தையும் அது என்ன செய்யும் என்று நோயாளிக்கு விளக்குகிறவர்கள் நாம்தான். சளிக்கு மூன்று நாள் ஆன்டிபயாடிக், டியூட்டி தள்ளிவிடக்கூடாது என்று மாதவிடாயைத் தள்ளிப்போடும் மாத்திரை, எல்லாம் மருந்து ட்ராலி கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் வரும் வினை. தனியாரில் வேலை என்றால் சம்பளச் சீட்டை எடுத்து இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள். மாதா மாதம் காசு கொடுத்துவிட்டு ஒரு முறைகூட டிஸ்பென்சரிப் பக்கம் போகாதவர்கள் எத்தனையோ பேர். அங்கே வைத்தியம் மட்டும் இல்லை, தகுதி இருந்தால் உடம்பு சரியில்லாமல் விடுப்பில் இருக்கும் நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதமும் கிடைக்கும்.

முதுகு, கால், கை

நோயாளியை மேலே நகர்த்தும்போது கட்டிலை உங்கள் இடுப்பு உயரத்துக்கு ஏற்றிக்கொள்ளுங்கள். கிராங்க் சுற்ற ஒரு நிமிஷம்தான் ஆகும். அக்குளில் கை கொடுத்துத் தனியாகத் தூக்காதீர்கள், அடியில் விரித்த துணியை இரண்டு பேர் பிடித்து இழுங்கள். ஷூ வாங்குவதாக இருந்தால் மாலையில் போங்கள், நாள் முழுக்க நின்று கால் வீங்கியிருக்கும், அந்த அளவுதான் சரியான அளவு. கையில் வெடிப்பு இருந்தால் ஹேண்ட் ரப் எரியும், எரிந்தால் போடமாட்டீர்கள். ஆகவே டியூட்டி முடிந்ததும் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவுங்கள்.

முதல் சாவு

இதற்கு யாரும் நம்மைத் தயார் செய்வதில்லை. மூன்று நாள் வாய் துடைத்துவிட்ட ஒருவருக்கு, நான்காம் நாள் தாடையைக் கட்டி, கால் கட்டை விரல்களைச் சேர்த்துக் கட்டுவீர்கள். பத்து நிமிஷத்தில் அடுத்த அட்மிஷன் வந்துவிடும். இதில் நடக்கிற தவறு, அழுவது இல்லை. ஒன்றும் ஆகவில்லை என்று காட்டிக்கொள்வதுதான். அன்றைக்கே ஒரு சீனியரிடம் பேசுங்கள், நோயாளியின் பெயரைச் சொல்லாமல் வீட்டிலும் பேசலாம். வாரக்கணக்கில் தூக்கம் வராமல், டியூட்டிக்குக் கிளம்பும்போதே வயிறு பிசைந்தால் டெலி மானஸ் 14416க்குக் கூப்பிடுங்கள். அரசின் இலவச மனநல எண், எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

எல்லா டியூட்டிக்கும் சரி என்பது

புதிதாக வந்த பிள்ளை என்றால் இன்சார்ஜ் முதலில் கூப்பிடுவது உங்களைத்தான். கல்விக் கடன் இருக்கும், டபுள் டியூட்டி பணம் தேவைப்படும், போதாததற்கு அரசு வேலைக்கான எம்.ஆர்.பி. தேர்வுக்கோ வெளிநாட்டு வேலைக்கான ஓ.இ.டி. ஆங்கிலத் தேர்வுக்கோ படித்துக்கொண்டிருப்பீர்கள். ஆஃப் நாளில் தெருவே பி.பி. பார்க்க வந்து நிற்கும், அது வேறு. மாதத்தில் எத்தனை கூடுதல் டியூட்டி தாங்கும் என்று நீங்களே ஒரு எண்ணை முடிவு செய்து காலண்டரில் எழுதுங்கள். அதைத் தாண்டிக் கூப்பிட்டால் காரணம் ஜோடிக்க வேண்டாம், பாட்டியை மூன்றாவது முறை சாகடிக்கவும் வேண்டாம். "சிஸ்டர், இன்னைக்குக் காலைலதான் நைட் முடிச்சேன், முடியாது. வியாழக்கிழமை ஈவினிங் வேணும்னா வர்றேன்." முதல் இரண்டு தடவை முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். மூன்றாவது தடவை, "வியாழன் வர்றியா?" என்றுதான் போனிலேயே ஆரம்பிப்பார்கள்.