காதுகுத்து வீடியோவை டிவிடி ஆக்கிய கதை, பைசா செலவில்லாத சாப்ட்வேரில்

எங்கள் பாட்டிக்கு லிங்க் அனுப்பிப் பிரயோஜனம் இல்லை. ஊரில் அவரிடம் இருப்பது ஒரு பழைய டிவி, அதோடு ஒரு டிவிடி பிளேயர், ரிமோட்டில் அவருக்குத் தெரிந்த ஒரே பட்டன் பிளே. அக்கா மகனின் காதுகுத்தை நான் கேமராவில் எடுத்தேன் என்று தெரிந்ததும் "கேசட்டு போட்டுக் குடுடா" என்றார். அவருக்கு எல்லாமே கேசட்டுதான்.

முதல் தடவை எல்லோரும் செய்யும் தப்பையே நானும் செய்தேன். டிவிடியைக் கம்ப்யூட்டரில் செருகி, கேமரா பைல்களை அப்படியே இழுத்துப் போட்டு ரைட் கொடுத்துவிட்டேன். என் கம்ப்யூட்டரில் அருமையாக ஓடியது. பாட்டி வீட்டுப் பிளேயர் ரெண்டு சுற்று சுற்றிவிட்டு வாயைத் திறந்து வட்டைத் துப்பிவிட்டது. காரணம் எளிது. பழைய பிளேயருக்கு எம்பி4, எம்டிஎஸ் என்ற கேமரா பைல் வகையெல்லாம் தெரியாது. அதற்குத் தெரிந்தது எம்பெக்-2 என்ற வகை வீடியோ, அதுவும் வீடியோ_டிஎஸ் என்ற போல்டருக்குள் விஓபி, ஐஎப்ஓ என்ற பைல்களாக அடுக்கியிருக்க வேண்டும். இந்த அடுக்கும் வேலையைச் செய்ய டிவிடிஸ்டைலர் என்ற இலவச சாப்ட்வேர் இருக்கிறது, விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடும். வட்டில் எழுத இம்க்பர்ன், அது விண்டோஸுக்கு. இரண்டையும் அவரவர் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள், இன்ஸ்டால் செய்யும்போது நெக்ஸ்ட் நெக்ஸ்ட் என்று தட்டாமல் ஒவ்வொரு பக்கத்தையும் படியுங்கள், ஓசி சாப்ட்வேர் பல நேரம் கூடவே வேறு எதையாவது கூட்டிக்கொண்டு வரும்.

முதலில் பைல்களைக் கார்டிலிருந்து ஹார்ட் டிஸ்க்குக்குக் காப்பி பண்ணுங்கள். சாதாரண டிஜிட்டல் கேமரா என்றால் டிசிஐஎம் போல்டரில் இருக்கும். ஹேண்டிகேம் மாதிரி ஏவிசிஎச்டி என்ற எச்டி முறையில் பதியும் கேமரா என்றால் பிரைவேட், ஏவிசிஎச்டி, பிடிஎம்வி என்று உள்ளே உள்ளே போனால் ஸ்ட்ரீம் என்ற போல்டரில் எம்டிஎஸ் பைல்களாகக் கிடக்கும். பெயரை 01, 02 என்று மாற்றிவிடுங்கள். பைலுக்குத் தமிழில் பெயர் வைத்துவிட்டு அப்புறம் சாப்ட்வேர் திணறுகிறதே என்று திட்டுவதைவிட இது மேல்.

இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். எப்ஏடி32 முறையில் பார்மட் செய்த கார்டில் ஒரு பைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது என்பதால் நீளமாக எடுத்தால் கேமராவே வெட்டி அடுத்த பைலைத் தொடங்கிவிடும். எனக்கு அது எங்கே வெட்டியது தெரியுமா, ஆசாரி ஊசியை எடுத்துக் காது மடலைப் பிடிக்கும் இடத்தில். அடுத்த பைல் பையனின் அலறலோடு ஆரம்பிக்கிறது. இதை இரண்டு கிளிப்பாகவே டிவிடியில் போட்டால் சரியாக அந்த இடத்தில் பிளேயர் ஒரு கணம் நின்று போகும். அதனால் முன்கூட்டியே ஒட்டிவிடுங்கள். அவிடெமக்ஸ் என்ற இலவச சாப்ட்வேரில் முதல் பைலைத் திறந்து, பைல் மெனுவில் அப்பெண்ட் கொடுத்து இரண்டாவதைச் சேர்த்து, வீடியோ ஆடியோ இரண்டையும் காப்பி என்றே விட்டு சேவ் செய்தால் போதும், தரம் குறையாது.

இப்போது டிவிடிஸ்டைலர். புது புராஜெக்ட் தொடங்கியதும் சில கேள்விகள் கேட்கும். கொள்ளளவு 4.7 ஜிபி, படத்தின் அகல உயர விகிதம் 16:9. (விண்டோஸில் அதே வட்டு 4.38 என்று காட்டும், கடைக்காரர் ஏமாற்றவில்லை, கணக்குப் போடும் முறை வேறு.) பால் (PAL), என்டிஎஸ்சி (NTSC) என்ற இரண்டு டிவி முறைகளில் எது என்று கேட்கும் இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். இந்தியா என்றால் பால் என்று கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள். பால் நொடிக்கு 25 பிரேம், அதாவது 25 படம், என்டிஎஸ்சி 29.97. உங்கள் கேமரா 30 பிரேமில் எடுத்திருந்தால் பாலுக்கு மாற்றும்போது பிரேம்கள் உதிர்ந்து, கேமராவைத் திருப்பும் இடமெல்லாம் வெட்டி வெட்டி ஓடும். நம்மூர்ப் பிளேயர்கள் பெரும்பாலும் இரண்டையும் ஓட்டும் என்பதால் கேமரா எதில் எடுத்ததோ அதற்குப் பொருத்தமானதைப் போடுங்கள். போனில் எடுத்த கிளிப்பும் கலந்திருந்தால் அதை மட்டும் முதலில் ஹேண்ட்பிரேக் என்ற இலவச சாப்ட்வேரில் கான்ஸ்டன்ட் பிரேம்ரேட் (மாறாத பிரேம் வேகம்) கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் போகப் போக வாயசைவு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் போகலாம்.

பிட்ரேட்டை, அதாவது நொடிக்கு எவ்வளவு டேட்டா என்பதை, ஆட்டோவில் விடலாம். ஆனால் எவ்வளவு நேரம் அடைக்கிறோம் என்பது நம் கையில் இருக்கிறது. ஒரு மணி நேரம் என்றால் டிவிடி தாங்கும் உச்ச தரத்திலேயே அடங்கிவிடும், இரண்டு மணி நேரத்துக்கு நொடிக்கு 5 மெகாபிட் அளவு கிடைக்கும், பார்க்க நன்றாகவே இருக்கும். மூன்று மணி நேரத்தைத் திணித்தால் பந்தியில் ஆட்கள் நடமாடும்போது முகமெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும். இரண்டாவது வட்டு வாங்குங்கள், என்ன பெரிய விலை.

மெனு டிசைனில் பூ, பலூன், மணி எல்லாம் இருக்கிறது. பாட்டிக்கு எதற்கு? நோ டெம்ப்ளேட் கொடுத்து, வரும் காலி மெனுவையும் அழித்துவிட்டேன், வட்டைப் போட்டதும் படம் ஓடும். ஒரு கிளிப் முடிந்ததும் அடுத்தது தானாக ஓட, கிளிப்பின் பிராப்பர்ட்டீஸில் போஸ்ட் கமாண்ட்ஸ் என்ற இடத்தில் அடுத்த டைட்டிலுக்கு, அதாவது அடுத்த கிளிப்புக்கு, தாவச் சொல்ல வேண்டும், கடைசி கிளிப்பைத் தவிர ஒவ்வொன்றுக்கும்.

கடைசியில் பர்ன் பட்டனை அமுக்கினால் மூன்று வழி காட்டும். நேரே வட்டில் எழுதாதீர்கள். ஐஎஸ்ஓ இமேஜாக, அதாவது முழு வட்டும் அடங்கிய ஒரே பைலாக, எடுத்து விஎல்சி வீடியோ பிளேயரில் திறந்து, ஆரம்பம், நடு, முடிவு மூன்று இடத்திலும் சத்தமும் படமும் சேர்ந்து போகிறதா என்று பாருங்கள். சரி என்றால் இம்க்பர்னில் திறந்து, எழுதியதைச் சரிபார்க்கும் வெரிபை டிக் போட்டு, வேகத்தை 4எக்ஸ் அல்லது 8எக்ஸில் வைத்து எழுதுங்கள். அவசரப்பட்டு உச்ச வேகத்தில் எழுதிய இரண்டு வட்டு என் வீட்டில் டீ டம்ளருக்கு அடியில் கிடக்கிறது. வெற்று வட்டு டிவிடி-ஆர் வாங்குங்கள். மேலே காகித ஸ்டிக்கர் ஒட்டாமல் மார்க்கரால் எழுதுங்கள், ஸ்டிக்கர் ஒரு ஓரம் பிரிந்தால் பிளேயருக்குள் மாட்டும்.

கேமராவின் அசல் பைல்களை மட்டும் அழித்துவிடாதீர்கள். டிவிடிக்குப் போவது பாலில் 720x576 அளவுப் படம்தான், எச்டியில் எடுத்தது அதில் திரும்பக் கிடைக்காது. ஐஎஸ்ஓவையும் வைத்திருங்கள். பாட்டிக்குக் கொடுத்த மறுநாளே சித்தப்பா வீட்டிலிருந்து "எங்களுக்கு ஒண்ணு" என்று போன் வந்தது, கால் மணி நேரத்தில் இன்னொரு வட்டு தயார்.