கதீட்ரல் கடற்கரை: அனுமதிச் சீட்டு மட்டும் போதாது

சென்ற ஆகஸ்டில் அந்தப் படிக்கட்டில் ஒரு குடும்பம் அனுமதிச் சீட்டோடு திகைத்து நின்றது. கீழே மணலே இல்லை. கடைசிப் படிகளில் அலை மோதிக்கொண்டிருந்தது. பல ஆண்டுகளுக்கு முன் அதே படியில் நானும் அப்படித்தான் நின்றேன்.

ஸ்பெயினின் வடமேற்கே, கலீசியாவில், ஏயோ ஆற்றின் கழிமுகத்தில் இருக்கும் அமைதியான ஊர் ரிபாதேயோ. அங்கிருந்து மேற்கே சுமார் 10 கிலோமீட்டரில் கதீட்ரல் கடற்கரை. அலை குடைந்த பாறை வளைவுகள் தேவாலயக் கூரைபோல நிற்பதால் அந்தப் பெயர்.

நாளைப் பார்த்து நேரத்தை விடுவது

ஜூலை முதல் செப்டம்பர் வரையிலும் ஈஸ்டர் வாரத்திலும் முன்பதிவு செய்த இலவச அனுமதி இருந்தால்தான் இறங்க முடியும். அனுமதி அந்த நாளுக்கானது. மணல் எப்போது வெளிப்படும் என்பதைக் கடல்தான் தீர்மானிக்கும்.

நான் மத்ரிதிலிருந்து ஒரு பகல் முழுக்கப் பயணம் செய்து வந்தேன். "எப்போது வேண்டுமானாலும் போகலாம்" என்றார் விடுதிக்காரர். மறுநாள் மதிய உணவை நிதானமாக முடித்து, மாலை ஐந்து மணிக்குப் போனேன். அன்று பௌர்ணமி. வளைவுகளின் அடிப்பகுதி நீருக்குள் கிடந்தது. அடுத்த நாளுக்கு அனுமதி தீர்ந்துவிட்டது, அப்படியே திரும்பினேன். அந்த ஒரு வாக்கியத்தை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

உச்சிக்கு ஏறிய கடல் முழுவதும் இறங்க ஆறு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகும். ஏறும் நேரமும் இறங்கும் நேரமும் தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் ஏறும்போது உயரமாக ஏறும், இறங்கும்போது வெகுதூரம் உள்வாங்கும், அப்போது குகைகளுக்குள் நடக்கலாம். அஷ்டமியை ஒட்டி அவ்வளவு இறங்காது. ஆகவே முதலில் ஓத அட்டவணையை (கடல் ஏறி இறங்கும் நேரப் பட்டியல்) பாருங்கள், பிறகு அனுமதி, கடைசியில் விடுதி என்ற வரிசையில் பதிவு செய்யுங்கள். சில அட்டவணைகள் உலகப் பொது நேரத்தில் (UTC) இருக்கும். கோடையில் இரண்டு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். நீர் முழுவதும் வடிவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே இறங்கிவிடுங்கள். திரும்பி ஏறத் தொடங்கியதும் வெளியேறுங்கள். கடைசி வளைவுக்குப் பின்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தால் வழி அடைபடும்.

பாறையடியில் உட்காருவது

கல் உதிரும். வேண்டாம்.

ரப்பர் செருப்பு

பாசியில் வழுக்கும்.

ஊரைப் பார்க்காமல் போவது

நீர் ஏறியிருக்கும் நேரத்தை ரிபாதேயோவுக்குக் கொடுங்கள். அமெரிக்கக் கண்டத்தில் பொருள் ஈட்டித் திரும்பியவர்கள் கட்டிய மாளிகைகள் அங்கே இருக்கின்றன. கழிமுகத்தைக் காத்த சான் தாமியான் கோட்டையிலிருந்து பான்ச்சா தீவின் கலங்கரை விளக்கம்வரை நடக்கலாம். கோடையில் பத்து மணிவரை வெளிச்சம் இருக்கும்.