மழையில் கதவை இழைக்காதீர்கள்

இரண்டு முறை அளந்து ஒரு முறை அறுங்கள், கண்ணாடி போடுங்கள் என்பதையெல்லாம் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வீட்டிலேயே சின்னதாகத் தச்சுப் பட்டறை போட்டிருப்பவர்கள் வருடா வருடம் மாட்டிக்கொள்வது வேறு இடத்தில். கோயம்புத்தூரில் சரியாக வரும் வேலை மலை மேலே வந்ததும் சிக்குவதற்குப் பெரும்பாலும் ஈரமும் குளிரும்தான் காரணம்.

உப்பிய கதவில் இழைப்புளி வைப்பது

எனக்கு இன்றும் எரிச்சல் தரும் தவறு இதுதான். மழைக்காலத்தில் காற்றில் இருக்கும் ஈரத்தை மரம் உறிஞ்சி அகலவாக்கில் உப்பும். நீளவாக்கில் அநேகமாக அசையாது. அதனால்தான் தாழ்ப்பாள் பக்கம் நிலையில் உரசுகிறது. ஜனவரி, பிப்ரவரியில் உறைபனியும் வறண்ட காற்றுமாக இருக்கும்போது அதே கதவு சுருங்கும். அப்போது இழைத்துத் தள்ளிய மரத்தை எங்கே போய்த் தேடுவது?

கோத்தகிரியில் ஒரு தம்பி, மின் இழைப்புளி வாங்கிய கையோடு வாசல் கதவில் இறங்கினார். “அண்ணா, இன்னும் கொஞ்சம் எடுத்தா போதும்ல?” என்று கேட்டார். இதுவரை எடுத்ததே போதும், தை வரைக்கும் பொறுங்கள் என்றேன். வடகிழக்கு மழை வலுத்ததும் கதவு மறுபடி உரசியிருக்கிறது. அவரும் மறுபடி இழைத்திருக்கிறார். தையில் இடைவெளி வழியே வீட்டுக்குள் குளிர்காற்று. கடைசியில் ஆசாரியைக் கூப்பிட்டு, ஓரம் முழுக்க மெல்லிய மரப்பட்டி ஒட்டி, பூட்டை இடம் மாற்றி, திரும்பப் பெயின்ட் அடிக்க வேண்டியதாயிற்று. அந்தச் செலவில் நல்ல உளி செட்டே வாங்கியிருக்கலாம்.

முதலில் எங்கே உரசுகிறது என்று பாருங்கள். நிலையில் சாக்பீஸ் தேய்த்துக் கதவைச் சாத்தினால் உரசும் இடத்தில் தடம் விழும். மேலிருந்து கீழ்வரை தடம் இருந்தால் மரம் உப்பியிருக்கிறது. தாழ்ப்பாள் பக்கத்து மேல்மூலையில் மட்டும் என்றால் அநேகமாக மேல் கீல் தளர்ந்து கதவு தொங்குகிறது. அதற்கு இழைப்புளியே வேண்டாம்: ஸ்குரு துளையில் ஃபெவிகால் தடவிய மரச்சில்லைச் செருகி, காய்ந்ததும் நீளமான ஸ்குரு போட்டால் சரியாகிவிடும்.

உப்பியதுதான் என்றால் உரசும் ஓரத்தில் மெழுகுவர்த்தியைத் தேய்த்து மழைக்காலத்தை ஓட்டுங்கள். கதவு திறக்கவே இல்லையென்றால் மட்டும் மெல்லிசாக ஒரு சுருள் எடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். நிஜமான வேலை வெயில் மாதத்தில்தான். கதவைக் கழற்றி, மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் பாருங்கள். பெரும்பாலும் அங்கே பெயின்டே இருக்காது. சட்டங்களின் வெட்டுமுனை, அதாவது மரத்தைக் குறுக்கே அறுத்த முனை, அங்கேதான் தெரியும். மரம் ஈரத்தை மிக வேகமாகக் குடிப்பது வெட்டுமுனை வழியாகத்தான். நன்றாகக் காய்ந்த மரத்தில் ஆறு பக்கமும் பிரைமர், எனாமல் அடித்து மாட்டுங்கள். அடுத்த மழையில் உப்பல் கண்கூடாகக் குறையும்.

கதவுச் சட்டத்தோடு நடுப்பலகையை ஒட்டுவது

கூடாது. பழைய பங்களாக் கதவுகளில் பலகை சட்டத்தின் பள்ளத்துக்குள் ஒட்டாமல் சும்மா நிற்பது, சுருங்கி விரிய இடம் வேண்டும் என்பதற்காக. ஒட்டினால் வறண்ட மாதத்தில் பலகை வெடிக்கும்.

குளிரில் ஒட்டுவது

10 டிகிரிக்குக் கீழே போனால் ஃபெவிகால் வெள்ளைப் பொடியாகக் காயும், பிடிப்பு இருக்காது. டிசம்பர் இரவில் ஒட்டிய மரத்தை இறுக்கிப் பிடிக்கக் கிளாம்ப் போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். பகலில், வீட்டுக்குள், மரத்தையும் பசையையும் சேர்த்து வெதுவெதுப்பாக வைத்துக்கொண்டு ஒட்டுங்கள். அரால்டைட் பசையும் குளிரில் மெதுவாகத்தான் இறுகும். டப்பாவில் போட்டிருக்கும் நேரத்தை நம்பிக் கிளாம்பைக் கழற்ற வேண்டாம்.

பனிமூட்டத்தில் லாக்கர் (மரத்துக்கு அடிக்கும் பளபளப்புப் பூச்சு) அடிப்பது

வெளுத்துவிடும். வெயிலுக்குக் காத்திருங்கள்.

கீலில் துருப்பிடித்த ஸ்குருவோடு மல்லுக்கட்டுவது

துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். காலையில் முதலில் இறுக்கும் பக்கம் லேசாக அசைத்து, அப்புறம் கழற்றுங்கள். தலை தேய்ந்துவிட்டால் திருப்புளியைக் கீழே வையுங்கள். டிரில்லால் தலையை மட்டும் துளைத்து எடுத்தால் கீல் கழன்று வரும். நீட்டிக்கொண்டிருக்கும் தண்டை இடுக்கியால் பிடித்துத் திருகி எடுத்துவிடலாம்.