பழைய ஆங்கிலச் சொல் புரியவில்லையா? தமிழ் பைபிளைத் திறங்கள்

1611-இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளில் தெரிந்த சொல்லே பொருந்தாமல் நின்றால், அதே வசனத்தைப் பழைய தமிழ் பைபிளில் பாருங்கள். அந்தக் காலப் பொருள் பெரும்பாலும் அங்கேயே கிடைத்துவிடும்.

ஆதியாகமம் 1:29-இல் செடிகொடிகளும் பழங்களும் உங்களுக்கு ‘மீட்’ என்று வரும். இறைச்சியா? தமிழில் ‘ஆகாரம்’ என்று இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் ‘மெட்டெ’ என்றால் பொதுவாக உணவுதான். இறைச்சி என்று பொருள் சுருங்கியது பின்னால். 1 தெசலோனிக்கேயர் 4:15-இல் வரும் ‘பிரிவென்ட்’ இன்னும் அழகு. தமிழில் ‘முந்திக்கொள்வதில்லை’. லத்தீனில் முன்னே வருவது என்ற வினையிலிருந்து பிறந்த சொல் அது. தடுப்பது என்ற இன்றைய பொருளில் படித்தால் வசனமே குழம்பிவிடும். ரோமர் 1:13-இல் ‘லெட்’ என்றால் தடை. அனுமதிக்கும் ‘லெட்’ பழைய ஆங்கிலத்திலேயே வேறு சொல். எழுத்து மட்டும்தான் ஒன்று.

தமிழில் பெயர்த்தவர்கள் மூலமொழியின் பொருளைப் பார்த்து எழுதினார்கள், ஆங்கிலச் சொல்லின் இன்றைய பொருளைப் பார்த்து அல்ல. அதனால்தான் இது பலிக்கிறது.

எளிய நடையில் வந்த புதிய மொழிபெயர்ப்புகள் இதற்கு உதவாது. அவை வாக்கியத்தையே மாற்றி அமைத்திருக்கும். சொல்லின் வேரும் இந்த முறையில் தெரியாது. அதற்கும், ஷேக்ஸ்பியர் போன்ற மற்ற நூல்களுக்கும், ஆண்டுவாரியாக மேற்கோள் தரும் ஆக்ஸ்போர்டு பேரகராதிதான் சரி.