ஹேர் ரிமூவல் கிரீமும் லேசரும்: மாநிறத் தோலுக்கு எது, எப்படி?

ஹேர் ரிமூவல் கிரீமில் முடியைக் கரைப்பது தயோகிளைகோலேட் என்ற உப்பு. முடியிலுள்ள கெரட்டின் என்ற புரதத்தின் கந்தகப் பிணைப்புகளை அது அறுப்பதால் முடி கூழாகி வழித்தவுடன் வந்துவிடுகிறது. இதற்காகவே கிரீமின் பி.எச். (அமில-காரத் தன்மையின் அளவு) 12ஐ ஒட்டி, அதாவது கடுங்காரமாக, வைக்கப்படுகிறது. ஆனால் தோலின் மேலடுக்கும் கெரட்டின்தான். நேரம் கூடினால் அதுவும் வெந்துபோகும்.

எந்த இடத்தில் போடப்போகிறீர்களோ அங்கேயே முதலில் ஒரு பொட்டளவு தடவி, கழுவி, 24 மணி நேரம் பாருங்கள். சிவக்காவிட்டால் மட்டும் முடி மறையும்படி கனமாகப் பூசுங்கள், தேய்க்க வேண்டாம். 3 நிமிடத்தில் ஓரத்தில் சிறிது வழித்துப் பார்க்கலாம். பெட்டியில் போட்டிருக்கும் அதிகபட்ச நேரத்தை ஒரு நிமிடம்கூடத் தாண்டக்கூடாது. எரிந்தால் உடனே துடைத்து, நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். வெந்நீரில் குளித்த கையோடும், ரெட்டினாய்டு (பருவுக்கும் சுருக்கத்துக்கும் தரும் வைட்டமின் ஏ வகை மருந்து) தடவும் தோலிலும், பரு, கீறல் மேலும் கூடவே கூடாது. அதே இடத்தில் மறுபடி போட 3 நாளாவது விடுங்கள்.

வேர் அப்படியே இருப்பதால் சில நாளிலேயே முடி தலைகாட்டும், திரும்பவும் கிரீம். மாநிறத் தோலில் இந்தத் தொடர் எரிச்சல் கருமையாகப் படிந்து, மாதக்கணக்கில் போகாது. மேலுதட்டிலும் அக்குளிலும் நாம் அதிகம் பார்ப்பது இதைத்தான். அதன்மேல் எலுமிச்சை தேய்த்து இன்னும் புண்ணாக்காதீர்கள்.

லேசர் ஒளியை முடியின் கருநிறமியான மெலனின் உறிஞ்ச, சூடு வேர்ப்பகுதியைத் தாக்குகிறது. தோலிலும் மெலனின் இருப்பதால், நம் நிறத்துக்கு 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள லாங் பல்ஸ் என்டி-யாக் என்ற லேசர் வகை பாதுகாப்பானது. எந்தக் கருவி என்று தோல் மருத்துவரிடம் கேட்டே ஒப்புக்கொள்ளுங்கள். வளர்நிலையில் உள்ள முடிதான் ஒவ்வொரு முறையும் சிக்கும். அதனால் பொதுவாக 6 முதல் 8 அமர்வுகள், முகத்துக்கு 4 முதல் 6 வார இடைவெளி. 4 வாரம் முன்பே வேக்சிங், த்ரெடிங் இரண்டையும் நிறுத்தி, முந்தின நாள் ஷேவ் மட்டும் செய்யுங்கள். பிறகு வெயில் படாமல் சன்ஸ்கிரீன் கட்டாயம்.

முடி அடியோடு போய்விடும் என்று யாராவது உறுதி சொன்னால் நம்பாதீர்கள். வெகுவாகக் குறையும், இடையிடையே ஓர் அமர்வு தேவைப்படலாம். நரைமுடிக்கு லேசர் பலிக்காது. பி.சி.ஓ.எஸ். (சினைப்பை நீர்க்கட்டி எனப்படும் ஹார்மோன் கோளாறு) இருந்தால் ஹார்மோனுக்கான சிகிச்சையும் சேர்ந்தே நடக்க வேண்டும். கன்னத்தின் பூனைமுடிக்கு மட்டும் லேசர் வேண்டாம்: சிலருக்கு அங்கே முடி இன்னும் தடித்து வளர்ந்துவிடுகிறது.