பிரைவேட் போட்டாலும் கசியும் ஃபாலோயர் லிஸ்ட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

2017 மார்ச் மாதம். அமெரிக்க எஃப்பிஐ இயக்குநராக இருந்த ஜேம்ஸ் கோமி ஒரு விருந்தில் பேசும்போது, தனக்கு இன்ஸ்டாகிராம் கணக்கு உண்டு, அதில் 9 ஃபாலோயர்கள்தான், நெருங்கிய சொந்தங்களும் மகளின் காதலரும் மட்டும்தான், வேறு யாரும் உள்ளே வர முடியாது என்று சொன்னார். கணக்கு பிரைவேட். சொந்தப் பெயரிலும் இல்லை. கிஸ்மோடோ தளத்தின் செய்தியாளர் ஆஷ்லி ஃபைன்பெர்க் சுமார் நான்கு மணி நேரத்தில் அதைக் கண்டுபிடித்துவிட்டார்.

ஹேக்கிங் எதுவும் நடக்கவில்லை. கோமியின் மகனுடைய கணக்கைத் தேடிப் பிடித்தார். அதுவும் பூட்டித்தான் இருந்தது. ஃபாலோ ரிக்வெஸ்ட் கொடுத்தார். கொடுத்ததும் இன்ஸ்டாகிராம் வழக்கம்போல 'இவர்களையும் ஃபாலோ செய்யலாமே' என்று சில கணக்குகளை எடுத்து நீட்டியது. அதில் ஒன்று 'ரைன்ஹோல்ட் நீபர்' என்ற பெயரில் இருந்தது. நீபர் ஓர் இறையியலாளர். கோமி கல்லூரியில் ஆய்வேடு எழுதியது அவரைப் பற்றித்தான். அதே பெயரை வைத்துத் தேடியதில் ட்விட்டர் கணக்கும் சிக்கியது.

கோமி தன் பக்கம் செய்யவேண்டியதையெல்லாம் செய்திருந்தார். கசிந்தது மறுபக்கத்தில். ஃபாலோயர் லிஸ்ட் விஷயத்தில் நம்மில் பெரும்பாலோர் தவறவிடுவது இந்த மறுபக்கத்தைத்தான். மொய் நோட்டு மாதிரி அது. உங்கள் வீட்டு நோட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டலாம், ஆனால் நீங்கள் மொய் எழுதிய ஒவ்வொரு வீட்டு நோட்டிலும் உங்கள் பெயர் இருக்கிறதே!

இன்ஸ்டாகிராமில் கணக்கை பிரைவேட் ஆக்கினால், நீங்கள் அனுமதிக்காதவர்களுக்கு உங்கள் ஃபாலோயர், ஃபாலோயிங் லிஸ்ட் இரண்டும் தெரியாது. அதுவரை சரி. ஆனால் டிபி, பெயர், பயோ, எத்தனை ஃபாலோயர் என்ற எண் எல்லாம் தெரிந்துகொண்டுதான் இருக்கும். அதைவிட முக்கியம், நீங்கள் ஃபாலோ செய்யும் பொதுக் கணக்குகள். மகள் படிக்கும் நடனப் பள்ளி, நீங்கள் இருக்கும் அபார்ட்மென்ட், தெருமுனை ஜிம் என எதன் கணக்கு பப்ளிக்காக இருந்தாலும், அதன் ஃபாலோயர் லிஸ்ட்டில் உங்கள் ஐடி போய் உட்கார்ந்திருக்கும். சின்னக் கணக்கென்றால் இருநூறு பேரில் ஒருவராகத் தேடி எடுப்பது ஒரு வேலையே இல்லை. பப்ளிக் போஸ்ட்டில் நீங்கள் போடும் கமென்ட்டும் எல்லோருக்கும் தெரியும்.

இன்னொன்று, பப்ளிக்காக இருந்த கணக்கை பிரைவேட்டுக்கு மாற்றினால் பழைய ஃபாலோயர்கள் தானாகக் கழன்றுபோவதில்லை. மூன்று வருடம் முன்பு எந்த யோசனையும் இல்லாமல் உள்ளே விட்ட முன்பின் தெரியாத ஆள் இன்றும் உள்ளேதான் இருக்கிறார், உங்கள் லிஸ்ட் முழுவதையும் பார்க்கிறார். அனுமதித்தவர்களிடமிருந்து லிஸ்ட்டை மட்டும் தனியாக மறைக்க, சாதாரணக் கணக்குகளுக்கு இன்ஸ்டாகிராம் வழி வைக்கவில்லை. ஆகவே ஆளைக் கழிப்பதுதான் வழி. 'ரிமூவ்' கொடுத்தால் அவருக்கு அறிவிப்பு போகாது. பலர் இதைச் செய்யத் தயங்குவது சொந்தக்காரர்களை நினைத்துத்தான். "என்னை ஏன் எடுத்துட்ட?" என்று அடுத்த விசேஷத்தில் சித்தி கேட்டுவிட்டால்? உங்கள் பக்கத்தைத் திறந்து பார்த்தால் அவர் கண்டுபிடிக்கலாம், உண்மைதான். ஆனால் ஆபத்து பெரும்பாலும் சித்தியிடமிருந்து வருவதில்லை. முகமே தெரியாத நாற்பது ஐம்பது கணக்குகளை எடுப்பதற்கு யாருடைய மனதும் நோகாது.

தையல், கேக், புடவை வியாபாரத்துக்காக கணக்கை பிசினஸ் கணக்காக மாற்றிவிட்டு, அதிலேயே குடும்பப் படங்களையும் போடுகிறவர்கள் நிறைய. பிசினஸ் கணக்கை பிரைவேட் ஆக்கவே முடியாது. வியாபாரத்துக்குத் தனிக் கணக்கு வைப்பது ஒன்றுதான் தீர்வு.

ஃபேஸ்புக்கில் கதை வேறு. அங்கே 'ஃப்ரெண்ட்ஸ் லிஸ்ட்டை யார் பார்க்கலாம்' என்று தனியாகவே ஒரு செட்டிங் இருக்கிறது. அதை 'ஒன்லி மீ' என்று மாற்றலாம். மாற்றாதவர்களை நம்பித்தான் ஒரு பெரிய மோசடியே ஓடுகிறது. உங்கள் டிபியை எடுத்து, உங்கள் பெயரில் புதுக் கணக்கு தொடங்கி, உங்கள் நண்பர்களுக்கே வரிசையாக ரிக்வெஸ்ட் அனுப்புவார்கள். பிறகு மெசஞ்சரில், "அவசரமா ஒரு பத்தாயிரம் ஜிபே பண்ண முடியுமா, காலைல திருப்பிடறேன்" என்று வரும். கொஞ்சம் தேர்ந்தவர்கள் வேறு கதை வைத்திருக்கிறார்கள்: துணை ராணுவத்தில் இருக்கும் நண்பருக்கு டிரான்ஸ்ஃபர், சோபாவும் ஃப்ரிட்ஜும் அடிமாட்டு விலைக்குத் தருகிறார் என்று. போலீஸ் அதிகாரிகள், கலெக்டர்கள் பெயரிலேயே இந்தப் போலிக் கணக்குகள் வந்திருக்கின்றன. படம் எவருக்கும் கிடைக்கும். யாரிடம் கேட்டால் பணம் வரும் என்பதைச் சொல்லிக் கொடுப்பது திறந்து கிடக்கும் ஃப்ரெண்ட்ஸ் லிஸ்ட்தான்.

'ஒன்லி மீ' போட்டதும் எல்லாம் முடிந்தது என்று நினைப்பது அடுத்த தவறு. உங்களுக்கும் பார்க்கிறவருக்கும் பொதுவான நண்பர்கள் அப்போதும் தெரிவார்கள். உங்கள் நண்பர் தன் லிஸ்ட்டைத் திறந்து போட்டிருந்தால், அந்த வழியாக உங்கள் நட்பும் தெரியும். வீட்டில் அண்ணன், அக்கா, அப்பா என்று நாலு பேர் லிஸ்ட்டையும் சேர்த்து மூடினால்தான் மூடியதற்கு அர்த்தம்.

ஃபேஸ்புக்கில் பதில் சொல்லாமல் விட்ட ரிக்வெஸ்ட்டையும் கவனியுங்கள். உங்களை யார் வேண்டுமானாலும் ஃபாலோ செய்யலாம் என்று செட்டிங் இருந்தால், ரிக்வெஸ்ட் அனுப்பியவர் அப்படியே ஃபாலோயராகி உங்கள் பப்ளிக் பதிவுகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த செட்டிங்கை 'ஃப்ரெண்ட்ஸ்' என்று மாற்றிவிடுவது நல்லது.

"பன்னிரண்டு மியூச்சுவல் இருக்காங்க, தெரிஞ்சவராத்தான் இருக்கும்." என்னைக் கேட்டால், மிக அதிகமான சேதத்தை உண்டாக்குவது இந்த ஒரு வாக்கியம். முதல் ஆள் யோசிக்காமல் அக்செப்ட் செய்கிறார். இரண்டாவது ஆள் முதல் ஆளைப் பார்த்துச் செய்கிறார். பன்னிரண்டாவது ஆளுக்கு வரும்போது அந்தப் போலிக் கணக்கு ஊர்க்காரர் ஆகிவிடுகிறது. மியூச்சுவலில் இருக்கும் யாரையாவது ஒருவரை அழைத்து "இவர் யார்?" என்று கேளுங்கள். பாதி நேரம், "தெரியலையே, நீ இருந்ததப் பாத்துதான் சேத்தேன்" என்பார்.

வீடியோ கால் மிரட்டலிலும் ஆயுதம் இந்த லிஸ்ட்தான். ஆபாசமான அழைப்பைப் பதிவு செய்துவிட்டு, அடுத்த நிமிடமே உங்கள் ஃபாலோயர் லிஸ்ட்டின் ஸ்கிரீன்ஷாட்டை அனுப்புவார்கள். அதில் மைத்துனர், ஆபீஸ் மேனேஜர், மகனின் டீச்சர். வீடியோவைவிட அந்தப் பெயர்கள்தான் ஆளைப் பதற வைத்துப் பணம் கொடுக்க வைக்கின்றன. கொடுத்தால் நிற்காது, தொகை ஏறும். பதற்றத்தில் உரையாடலை அழித்துவிடாமல், அந்தக் கணக்கின் ஐடியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துவிட்டு பிளாக் செய்யுங்கள். பணம் போயிருந்தால் உடனே 1930 எண்ணை அழையுங்கள். மத்திய அரசின் சைபர் கிரைம் இணையதளத்திலும் புகார் கொடுக்கலாம்.

இது தனி மனிதர்களின் பயம் மட்டும் அல்ல. 2021 ஆகஸ்டில் காபூல் தாலிபான் கைக்குப் போனபோது, ஆப்கானிஸ்தானில் இருந்த கணக்குகளின் ஃப்ரெண்ட்ஸ் லிஸ்ட்டைப் பார்க்கவும் தேடவும் முடியாதபடி ஃபேஸ்புக்கே மறைத்தது. 2022 பிப்ரவரியில் உக்ரைனிலும் அதையே செய்தது. யாருக்கு யாரைத் தெரியும் என்ற தகவலே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பது அந்த நிறுவனத்துக்குத் தெரிந்திருக்கிறது. ஓர் ஆளுமைத் தேர்வு ஆப் வழியாக எடுத்த ஃபேஸ்புக் தகவல்கள் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற அரசியல் ஆலோசனை நிறுவனத்துக்குப் போன விவகாரத்தில், இந்தியாவில் அந்த ஆப்பை நிறுவியவர்கள் 335 பேர்தான். நண்பர்கள் வழியாகத் தகவல் போயிருக்கக்கூடியவர்களையும் சேர்த்து 5.62 லட்சம் பேர் என்று 2018-இல் ஃபேஸ்புக் சொன்னது.

லிங்க்ட்இன்னில் உங்கள் தொடர்புகள் முழுவதையும் மற்ற தொடர்புகள் பார்க்காதபடி நிறுத்தி வைக்கலாம். வேலை தேடுகிறவர்களும் கிளையன்ட் லிஸ்ட் வெளியே போகக்கூடாது என்று நினைக்கிறவர்களும் அதைச் செய்துவிடுவது நல்லது. பொதுவான தொடர்புகள் அங்கேயும் தெரியும். யூடியூப் சப்ஸ்கிரிப்ஷன்களையும் பிரைவேட்டாக வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக, 'உன்னை அன்ஃபாலோ செய்தது யார்', 'உன் ப்ரொஃபைலைப் பார்த்தது யார்' என்று ஆசை காட்டும் ஆப்கள். ப்ரொஃபைலைப் பார்த்தவர் யார் என்ற தகவலை இன்ஸ்டாகிராம் யாருக்கும் தருவதில்லை. இல்லாத தகவலைத் தருவதாகச் சொல்லி இவை உங்கள் பாஸ்வேர்டைக் கேட்கின்றன. ஏற்கெனவே கொடுத்திருந்தால் முதலில் பாஸ்வேர்டை மாற்றி, இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள். பிறகு செட்டிங்ஸில் எந்தெந்த ஆப்களுக்கு அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்று பார்த்துத் தெரியாததையெல்லாம் நீக்குங்கள். அன்ஃபாலோ செய்தவரைத் தெரிந்தே ஆகவேண்டும் என்றால், உங்கள் தகவல்களைத் தரவிறக்கும் வசதி இன்ஸ்டாகிராமிலேயே இருக்கிறது. அதில் ஃபாலோயர், ஃபாலோயிங் லிஸ்ட் இரண்டும் வரும். ஒரு மாதம் விட்டு இன்னொரு முறை எடுத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யார் போனார் என்பது தெரிந்துவிடும்.